கூலி அளக்கும் மரக்கால் யார் கையில்?

உலகத்திலுள்ள தொழில்களையெல்லாம் ஒரே பட்டியலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் இதைச் செய்கிறது. டில்லியில் தொழிலாளர் அமைச்சகம் செய்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சர்வகலாசாலைப் பண்டிதர்கள் பல நாட்டுப் புள்ளி விபரங்களைக் கொண்டுவந்து ஒரே பானையில் கொட்டி, ஆராய்ச்சி செய்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நிற்கும் டர்னருக்கும், ஆவடியில் உடை தைக்கும் தையற்காரருக்கும், பூந்தமல்லிக்கு அப்பால் சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் எண் உண்டு. அந்த எண் என்னவென்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அதை எப்படிப் போடுவது என்று அவர்களை யாரும் கேட்டதுமில்லை.

“பட்டியல் போடுவது குமாஸ்தாக்கள் பாடு, பண்டிதர்கள் பாடு. கூலிக்காரனுக்கு அதில் என்ன?” என்று நமது தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: அந்தப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும் சொல்லில் உங்கள் கூலி இருக்கிறது. “திறனுள்ளவர்” என்று எழுதினால் ஒரு கூலி. “திறனற்றவர்” என்று எழுதினால் வேறு கூலி. எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பது ஆராய்ச்சி விஷயமல்ல, வயிற்று விஷயம்.

இரண்டு மரக்கால்

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கூலி நெல் அளக்க ஒரு மரக்கால், வாரமும் குத்தகையும் வாங்க வேறொரு மரக்கால் என்று மிராசுதார்கள் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. தஞ்சைத் தரணியில் 1940-களில் செங்கொடியின் கீழ் திரண்ட பண்ணையாட்கள் கூலியை உயர்த்து என்று மட்டும் கேட்கவில்லை. முத்திரை போட்ட மரக்காலால் அள என்றும் கேட்டார்கள். அளவு பொய்யானால் கூலி உயர்வும் பொய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொழில் பட்டியலும் ஒரு மரக்கால்தான். நெல்லை அளப்பதற்குப் பதில் அது உழைப்பை அளக்கிறது. முத்திரை மரக்கால் வேண்டும் என்று கேட்டவர்கள் அளவையே வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்லர். நாமும் பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றே: இந்த மரக்காலைச் செய்தவன் யார்? முத்திரை போட்டவன் யார்? எந்தப் பக்கம் சாய்த்து அளக்கிறான்?

பட்டியல் பிறந்த கதை

1923-இல் ஜெனீவாவில் கூடிய தொழில் புள்ளி விபரக்காரர்களின் முதல் சர்வதேச மாநாட்டிலேயே இந்தப் பிரச்சினை எழுந்தது. ஒரு நாடு “நெசவாளர்” என்று எழுதுவதை இன்னொரு நாடு வேறு விதமாக எழுதினால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? கடைசியில் 1958-இல் சர்வதேசத் தொழில் பட்டியல் ஒன்று வெளிவந்தது. அது 1968-இலும், 1988-இலும், 2008-இலும் திருத்தப்பட்டது. 2008 பட்டியலில் 10 பெரும் பிரிவுகள். அவற்றுக்குள் 436 சிறு தொகுதிகள். உலகத்து உழைப்பெல்லாம் இந்த 436 பெட்டிகளுக்குள் அடக்கம்!

இந்திய சர்க்காரும் அதன் அடிச்சுவட்டில் 1958, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் தேசியத் தொழில் பட்டியல்களைத் தயாரித்தது. 2004 பட்டியலில் 2,945 தொழில்கள். 2015 பட்டியலில் ஏறத்தாழ 3,600 தொழில்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டு இலக்க எண்.

3,600 தொழில்கள் என்றதும் எல்லாரும் இடம் பெற்று விட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 2017 முதல் சர்க்கார் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில் எட்டு இலக்கத்தையும் எழுதுவதில்லை. முதல் மூன்று இலக்கத்தோடு நிறுத்தி விடுகிறார்கள். வெளிநாட்டுப் பண்டிதர்கள் பல நாடுகளை ஒப்பிடும்போது ஒரே ஓர் இலக்கத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. பிறகு மிஞ்சுவது என்ன?

எண்ணில் மறையும் மனிதர்கள்

மூன்று இலக்கத்தில் 722 என்ற எண்ணைப் பாருங்கள். கிராமத்தில் துருத்தி ஊதிக் கொழுவும் அரிவாளும் அடிக்கும் கொல்லர் இதில் வருகிறார். அம்பத்தூரில் டை செய்யும் டூல் ரூம் தொழிலாளி இதில் வருகிறார். சி.என்.சி. யந்திரத்தில் வேலை செய்கிறவரும் இதில்தான். இரும்பைச் சாணை பிடித்துப் பளபளப்பாக்கி, நாளெல்லாம் தூசியை விழுங்குகிறவரும் இதில்தான். நான்கு பேரின் கூலி ஒன்றா? வேலை நேரம் ஒன்றா? நெஞ்சில் இறங்கும் தூசி ஒன்றா? எண் மட்டும் ஒன்று!

815 என்ற எண்ணைப் பாருங்கள். நூற்பு மில்லில் ரிங் பிரேம் ஓட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண், தோல் பதனிடும் யந்திரத்தில் நிற்பவர், சலவை யந்திரம் ஓட்டுகிறவர் எல்லாரும் ஒரே பெட்டியில். பஞ்சு தூசியில் இருமுகிறவரையும் சலவைக்கூடத்தில் நிற்பவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி யாருடைய வாழ்க்கையைக் காட்டும்?

மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் கதை இதைவிட விசித்திரமானது. 2011 கணக்கெடுப்பின் முதன்மை அட்டவணையில் உழைப்பாளிகள் நான்கே வகை: சாகுபடி செய்வோர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், மற்றவர். ஆவடி டாங்கித் தொழிற்சாலை பிட்டரும் “மற்றவர்”. அம்பத்தூர் ஹெல்பரும் “மற்றவர்”. ஜில்லாக் கலெக்டரும் “மற்றவர்”! சென்னைக்கு மேற்கே இந்தப் பகுதி முழுவதும் இந்த “மற்றவர்களின்” வியர்வையால் எழுந்தது.

சராசரி என்ற திரையை வைத்து வர்க்க வேற்றுமையை மறைக்கும் வித்தை புதிதல்ல. ருஷ்ய நாட்டுப் புள்ளி விபரங்களில் பணக்கார விவசாயியையும் ஏழை விவசாயியையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி காட்டியதை லெனின் 1899-இல் வெளியான தமது நூலில் தோலுரித்துக் காட்டினார். அன்று விவசாயிக்குச் செய்த வித்தையை இன்று தொழிலாளிக்குச் செய்கிறார்கள்.

பள்ளிக்கூட வருஷம்தான் திறமையா?

இனி மரக்காலின் அடிப்பாகத்துக்கு வருவோம். திறமையை இவர்கள் எப்படி அளக்கிறார்கள்? 2004-இன் தேசியப் பட்டியல் நான்கு படிகள் வைத்தது. பத்து வருஷம் வரை படிப்பு என்றால் முதல் படி. 11 முதல் 13 வருஷம் என்றால் இரண்டாம் படி. 14, 15 வருஷம் என்றால் மூன்றாம் படி. அதற்கு மேல் நான்காம் படி. பேராசிரியர், டாக்டர், என்ஜினீயர் நான்காம் படியில். யந்திரம் ஓட்டுவோரும் கைத்தொழிலாளரும் இரண்டாம் படியில். “அடிப்படை வேலைகள்” என்ற ஒன்பதாம் பிரிவில் தள்ளப்பட்ட அனைவரும் முதல் படியில். பெரிய அதிகாரிகளுக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும் எந்தப் படியும் இல்லை. அவர்களுடைய திறமையை அளக்க 2004 பட்டியலில் கோலே கிடையாது!

ஒன்பதாம் பிரிவில் யார் இருக்கிறார்கள்? விவசாயத் தொழிலாளி இருக்கிறார். குப்பை அள்ளுகிறவர் இருக்கிறார். மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலையில் சித்தாள், தொழிற்சாலை ஹெல்பர் எல்லாரும் இருக்கிறார்கள்.

விவசாயத்தில் இந்தப் பட்டியல் செய்யும் நியாயத்தைக் கவனியுங்கள். நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர் ஆறாம் பிரிவு. அவர் “திறனுள்ள விவசாய உழைப்பாளி”, இரண்டாம் படி. அதே நிலத்தில் கூலிக்கு இறங்குகிறவர் ஒன்பதாம் பிரிவு, முதல் படி. நாம் கேட்கிறோம்: செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரிக்கும் நவரைக்கும் நாற்றங்கால் விடுவது எப்போது என்று யாருக்குத் தெரியும்? எத்தனை நாள் நாற்றைப் பறிக்க வேண்டும், வேர் அறாமல் எப்படிப் பறிக்க வேண்டும், எத்தனை ஆழத்தில் ஊன்ற வேண்டும், எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் யார் கையில் இருக்கிறது? வரப்பில் குடை பிடித்து நிற்பவர் கையிலா? சேற்றில் முதுகு வளைத்து நிற்பவள் கையிலா? நிலம் இருந்தால் திறமை வந்துவிடுகிறது. நிலம் போனால் திறமையும் போய்விடுகிறது! பட்டா மாறினால் கை மறந்துவிடுமா? இது திறமையின் அளவா, சொத்தின் அளவா?

பூந்தமல்லிச் சுற்றுப்புறத்தில் வயல்கள் மனைக்கட்டுகளாக மாறியபோது, நாற்று நட்ட கைகள் கட்டட வேலைக்கும் கம்பெனி கூட்டிப் பெருக்கும் வேலைக்கும் போயின. பட்டியலின் கணக்கில் அவர்கள் எதையும் இழக்கவில்லை. முன்பும் ஒன்பது, இப்போதும் ஒன்பது. ஒரு தலைமுறை கற்ற வேளாண்மை வித்தை அழிந்தது, கணக்கில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

பெண்கள் பாடு இதைவிட மோசம். வீட்டு வேலை மட்டும் செய்கிறாள் என்றால் அவளுக்கு 92 என்ற குறி. வீட்டு வேலையோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குப் புல் அறுத்து, வீட்டுக்குத் தையலும் தைத்தால் 93 என்ற குறி. இரண்டு குறியும் உழைப்பாளர் கணக்கிலேயே சேராது. 2019-இல் சர்க்காரே நடத்திய நேரக் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். ஐந்து மணி நேர உழைப்பைக் கண்ணால் பார்த்துக் கணக்கும் எடுத்துவிட்டு, “இவள் உழைப்பாளி அல்ல” என்று எழுதுகிறார்கள்.

முதலாளி வைக்கும் பெயர்

பண்டிதர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். “நாங்கள் ஆளை அளப்பதில்லை, வேலையைத்தான் அளக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் படித்தவரானாலும் டர்னர் வேலை செய்தால் டர்னர் என்றே எழுதுவோம். அனுபவத்தாலும் திறமை வரும் என்று சர்வதேசப் பட்டியலே ஒப்புக்கொள்கிறது” என்பார்கள்.

காகிதத்தில் அது உண்மைதான். பட்டறையில் நடப்பது என்ன? ஒருவர் பத்து வருஷம் லேத்தில் நிற்கிறார். டிராயிங் பார்த்து ஜாப் எடுக்கிறார். மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கிறார். ஆனால் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இல்லை. மஸ்டர் ரோலில் அவர் பெயர் என்ன? “ஹெல்பர்.” கான்ட்ராக்டர் கொடுக்கும் சீட்டிலும் “ஹெல்பர்.” பக்கத்து யந்திரத்தில் சர்டிபிகேட்டோடு நிற்கும் வாலிபரின் பெயர் “பயிற்சியாளர்”, பயிற்சி முடிந்த பிறகும் பயிற்சியாளர். மூன்றாவது யந்திரத்தில் மட்டும் நிரந்தரத் தொழிலாளி, அவர் “டர்னர்”. ஒரே பட்டறை, ஒரே ஜாப், ஒரே அளவு. பெயர் மூன்று, கூலி மூன்று!

கணக்கெடுக்க வருகிறவர் பட்டறைக்குள் வருவதில்லை. வீட்டுக்கு வருகிறார். பெரும்பாலும் ஷிப்டுக்குப் போன தொழிலாளி வீட்டில் இல்லை. மனைவியோ தாயாரோ பதில் சொல்கிறார்கள். “கம்பெனி வேலைக்குப் போகிறார்” என்கிறார்கள். “என்ன வேலை?” என்று கேட்டால், சீட்டில் உள்ளதைச் சொல்கிறார்கள்: “ஹெல்பர்.” கணக்கெடுப்பவர் ஒன்பதாம் பிரிவில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். முதலாளி கூலியை மிச்சம் பிடிக்க வைத்த பொய்ப் பெயர், சர்க்கார் புள்ளி விபரமாகி, ஜெனீவாவுக்குப் போய், உலக ஆராய்ச்சியாகித் திரும்பி வருகிறது!

அப்படித் திரும்பி வரும்போது அது என்ன சொல்கிறது? “இந்தியத் தொழிலாளிக்குத் திறமை குறைவு, ஆகையால் கூலி குறைவு” என்கிறது. கூலி ஏன் குறைவு? திறமை குறைவு. திறமை குறைவென்று எப்படித் தெரியும்? பட்டியல் சொல்கிறது. பட்டியல் ஏன் அப்படிச் சொல்கிறது? படிப்பு இல்லை. படிப்பு ஏன் இல்லை? அப்பனுக்குக் கூலி குறைவு! செக்கு மாடு சுற்றி வந்த இடத்துக்கே வந்து நிற்கிறது. எண்ணெய் மட்டும் முதலாளி வீட்டுக்குப் போகிறது.

2015 பட்டியலைத் திருத்தியபோது, வேலைகளின் விவரிப்புகளை யாரிடமிருந்து வாங்கினார்கள்? துறைவாரித் திறன் கவுன்சில்கள் வகுத்த தகுதி வரையறைகளை அதில் இணைத்தார்கள். இந்தக் கவுன்சில்கள் தொழிலதிபர்களின் தலைமையில் இயங்குபவை. சர்க்காரே அப்படித்தான் வருணிக்கிறது. வேலை செய்கிறவன் ஒருவன். அந்த வேலை என்னவென்று எழுதுகிறவன் அவனுக்குக் கூலி கொடுக்கிறவன். கொள்கிறவனே படியையும் செய்தால் அளவு எப்படி இருக்கும்?

எண்ணுக்கும் கூலிக்கும் போட்ட முடிச்சு

“எழுதினால் எழுதட்டும், நமக்கென்ன?” என்று கேட்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் தொழில் தொழிலாகக் கூலி நிர்ணயம் நடந்தது. அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் தொழிலின் பெயரைச் சொல்லிப் போராட இடம் இருந்தது. தையல் தொழிலுக்குத் தமிழக சர்க்கார் 2014-இல் திருத்திய கூலியை எதிர்த்து எக்ஸ்போர்ட் முதலாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2016-இல் தோற்றார்கள்.

இப்போது நிலைமை வேறு. 2019-இல் நிறைவேற்றிய கூலிச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கிறது மத்திய சர்க்கார். இதன்படி குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது எது? திறனற்றவர், அரைத் திறனுள்ளவர், திறனுள்ளவர், உயர் திறனுள்ளவர் என்ற பாகுபாடு, அல்லது வட்டாரம், அல்லது இரண்டும். 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகளில் தொழில்களை இந்த நான்கு பெட்டிகளில் பிரித்து ஓர் அட்டவணையும் போட்டார்கள். அந்த அட்டவணையைத் திருத்த யோசனை சொல்ல ஒரு தொழில்நுட்பக் கமிட்டி. கூடியவரை தேசியத் தொழில் பட்டியலைக் கணக்கில் கொண்டு அது யோசனை சொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள்.

ஆகவே முடிச்சு தெரிகிறதா? ஆராய்ச்சிக்கென்று போட்ட பட்டியல் கூலி அட்டவணைக்குள் நுழைகிறது. “அடிப்படை வேலை” என்று எழுதியதிலிருந்து “திறனற்ற வேலை” என்பதற்கு ஒரே எட்டுதான். கமிட்டி அறையில் கோப்புப் பிடித்த கைகள் பல இருக்கும். லேத் பிடித்த கை எத்தனை? கதிர் அறுத்த கை எத்தனை?

1957-இல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு வேறோர் அளவை வகுத்தது. குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஒவ்வொன்றுக்கும் 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். 1991-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக இன்னும் 25 சதவீதத்தைச் சேர்த்தது. பசிக்குப் பத்தாம் வகுப்பு, பட்டப்படிப்பு என்ற பேதம் கிடையாது. அடிக்கூலி வயிற்றை அளந்து வர வேண்டும். திறமைக்கு உரியது அதற்கு மேல் வர வேண்டும். சர்டிபிகேட்டை அளந்து அடிக்கூலியைக் குறைப்பது எந்த நியாயம்?

போராடினால் பெயரும் மாறும்

பட்டியல் என்பது பிரம்மா எழுதிய எழுத்தல்ல. மனிதன் எழுதியது, மனிதனால் மாற்றக்கூடியது. ஆவடியில் படைத்துறைத் தோழர்களுக்கு இது தெரியும்.

படைத்துறையில் வேலை செய்யும் சிவிலியன் தொழிலாளர்களை வகைப்படுத்த 1970-களில் ஒரு நிபுணர் கமிட்டி அமைத்தார்கள். அதன் சிபாரிசின் மீது சில தொழில்களை 1981 அக்டோபர் முதல் “திறனுள்ள” தரத்துக்கு உயர்த்தினார்கள். வேறு சில தொழில்களை 1984 அக்டோபர் முதல்தான் உயர்த்தினார்கள். ஒரே தரம் என்று ஒப்புக்கொண்ட பிறகு ஒருவருக்கு ஒரு தேதி, இன்னொருவருக்கு இன்னொரு தேதி! இராணுவப் பொறியியல் பிரிவைச் சேர்ந்த ஒரு தச்சரின் பெயரால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இந்தப் பாரபட்சம் செல்லாது, 1981 முதலே எல்லாருக்கும் கொடு என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. பட்டியலில் ஒரு வரி மாறியது. மூன்று வருஷ நிலுவை கைக்கு வந்தது. பட்டியல் வயிற்று விஷயம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

இதே ஆவடியில்தான் 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடி, “சோஷலிச பாணிச் சமுதாயம்” என்று தீர்மானம் போட்டது. 1961-இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அது அடங்கிய பொதுத்துறைப் படைக்கலத் தொழிற்சாலைகளின் அமைப்பை 2021 அக்டோபர் 1-இல் ஏழு கம்பெனிகளாக வேறொரு சர்க்கார் உடைத்தது. சோஷலிசத் தீர்மானம் கோப்பில் தூங்குகிறது. தொழிற்சாலையின் பெயர்ப் பலகை மாறிவிட்டது. ஒரு கம்பெனிக்குப் பல கம்பெனியாகும்போது ஒரே தொழிலுக்குப் பல பெயரும் பல கூலியும் முளைக்க வழி உண்டு. ஆகையால் இன்று பெயரைக் காப்பதும் கூலியைக் காப்பதும் ஒரே போராட்டம்.

ஒப்பிட வேண்டும், நமக்காக

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதை நாம் எதிர்க்கவில்லை. அதை விரும்புகிறோம். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கார்க் கம்பெனி முதலாளிக்கு, ஒரு வெல்டருக்கு எந்த நாட்டில் என்ன கொடுக்கிறோம் என்பது விரல் நுனியில் தெரியும். தெரியாதவன் வெல்டர்தான். வளைகுடாவுக்குப் போகும் நமது பிள்ளைகளுக்கு விசாவில் எழுதிய தொழில் ஒன்று, அங்கே வாங்கும் வேலை மற்றொன்று. பொதுவான, நாணயமான பட்டியல் ஒன்று இருந்தால் அந்த மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

இப்படி ஒப்பிட ஒரு முயற்சி நடந்ததும் உண்டு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1924 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதக் கூலியைத் தொழில்வாரியாக விசாரித்து வந்தது. கடைசிக் காலத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தொழில்களைக் கேட்டார்கள். ஆனால் ஒரு நாடு மணிக் கூலியை அனுப்பியது. ஒரு நாடு மாதச் சம்பளத்தை அனுப்பியது. ஒரு நாடு சட்டம் சொன்ன கூலியை எழுதியது. மற்றொன்று கையில் வாங்கிய கூலியை எழுதியது. ரிச்சர்ட் ஃப்ரீமன், ரெம்கோ ஊஸ்டன்டார்ப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்து, 1983-க்குப் பிந்திய விபரங்களை ஓரளவு ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் என்ன நடந்தது? 2008-க்குப் பிறகு அந்த விசாரணையே நின்றுவிட்டது! உலக முதலாளித்துவம் நெருக்கடியில் விழுந்து, தொழிலாளி தன் கூலியை அளந்து பார்க்க வேண்டிய அதே வேளையில் மரக்காலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

தொழிலாளியின் நிலையைத் தொழிலாளியிடமே கேட்டு எழுத வேண்டும் என்பது நமது இயக்கத்தின் பழைய மரபு. 1880-இல் காரல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட வினாப் பத்திரம் ஒன்றைத் தயாரித்தார். முதல் கேள்வியே உன் தொழில் என்ன என்பதுதான். அவர் அதோடு நிற்கவில்லை. வேலை நேரம், யந்திர விபத்து, அபராதம், கூலி கொடுக்கும் விதம், வீட்டு வாடகை, வேலைநிறுத்தம் என்று வாழ்க்கை முழுவதையும் கேட்டார். தொழிலின் பெயரை மட்டும் எழுதி, அந்தத் தொழில் மனிதனை என்ன செய்கிறது என்பதை எழுதாமல் விட்டால் அது பாதி உண்மை. பாதி உண்மை முதலாளிக்குத்தான் உதவும்.

நமது கோரிக்கைகள்

ஆகையால் நாம் கேட்கிறோம்:

1. திறமையைப் பள்ளிக்கூட வருஷத்தால் அளக்காதே! வேலையின் நுட்பம், பொறுப்பு, ஆபத்து, அனுபவம் ஆகியவற்றால் அள!

2. நடவு, நாற்றுப் பறிப்பு, மடை பார்த்தல், மருந்து தெளித்தல் முதலியவற்றைத் தனித் தனித் திறமைகளாக எழுது! நிலம் இல்லாதவரைத் திறமை இல்லாதவர் என்று எழுதாதே!

3. தொழிலின் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமா, கான்ட்ராக்டா, பயிற்சியாளரா என்பதையும், கூலியையும், வேலை நேரத்தையும் சேர்த்து வெளியிடு! மூன்று இலக்கத்தோடு நிறுத்தாதே!

4. புதிய பட்டியல் வரும்போது பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்ற ஒப்பீட்டு அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிடு! பெட்டியை மாற்றி வைத்துவிட்டு, கூலி உயர்ந்தது என்று கணக்குக் காட்டாதே!

5. வரைவுப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டுத் தொழிற்சங்க ஆபீஸ்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கும் அனுப்பு! திறனை வகுக்கும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சம இடம் கொடு!

கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. சங்கங்கள் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்டு, 2027-க்கு அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தால் “கம்பெனி வேலை”, “கூலி வேலை” என்று சொல்லி நிறுத்த வேண்டாம். என்ன யந்திரம், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று முழுதாகச் சொல்லுங்கள். முதலாளி வைத்த பெயரைச் சொல்லாதீர்கள். கை செய்யும் வேலையைச் சொல்லுங்கள். ஷிப்டுக்குப் போகுமுன் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். “என் மனைவி சும்மா இருக்கிறாள்” என்று எந்தத் தோழரும் சொல்லக்கூடாது. அவள் மாவு அரைத்து விற்றாலும், பூ கட்டினாலும், மாடு கறந்தாலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமழிசையிலும் பட்டறை பட்டறையாக, மில் மில்லாக, கிராமம் கிராமமாக நாமே ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். செய்யும் வேலை ஒரு பத்தி, சீட்டில் உள்ள பெயர் ஒரு பத்தி, வாங்கும் கூலி ஒரு பத்தி. இந்த மூன்று பத்திகளை அருகருகே வைத்தால் போதும், முதலாளியின் திருட்டு தானே வெளியே வந்து நிற்கும். பேச்சுவார்த்தை மேஜையில் அதைவிடக் கூர்மையான ஆயுதம் வேறில்லை.

முத்திரை மரக்கால் கேட்ட தஞ்சைத் தோழர்களிடம் எழுத்தறிவு குறைவு. அளவின் நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வாரிசுகள் நாம். நமது உழைப்பை அளக்கும் மரக்காலுக்கு நமது முத்திரையும் வேண்டும்!